கருவாடு வந்த வழி

கலகெதரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் முதலில் மூக்கின் வழியாகத்தான் அறிமுகமாகும். கண்ணுக்கு அது பல்லாண்டு பிந்தியே கிடைக்கும். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகலுக்குச் செல்லும் பெருவீதி மலையை விட்டு இறங்குவதற்கு ஆயத்தமாகும் இடத்தில் எமது ஊர் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலைச்சரிவும், அதன் கீழே தென்னந்தோப்புகளும் தெரியும், கடல் தெரியாது. ஆயினும் எம் பாட்டனாரின் பலசரக்குக் கடையில், அரிசி மூட்டைகளுக்கு அப்பால், சுவரோரமாக அடுக்கியிருந்த சாக்குகளிலே கடல் இருந்தது. நெத்தலி ஒரு சாக்கு, கீரி ஒரு சாக்கு, சூடை ஒரு சாக்கு. பாரையும் சுறாவும் பலகையின்மேல். மழைக் காலத்தில் அந்த மணம் கடையை விட்டு வெளியேறி வீதி முழுவதும் உலாவும். "நீர்கொழும்புச் சரக்கு" என்று பாட்டனார் பெருமையோடு கூறுவார். நீர்கொழும்பு என்பது ஓர் ஊரின் பெயர் என்பதிலும் பார்க்க, நல்ல கருவாட்டின் பெயராகவே எம் நெஞ்சில் பதிந்திருந்தது.

மலைநாட்டுக்கும் கடற்கரைக்கும் இருந்த இந்த உறவு பாட்டனார் காலத்தில் தோன்றியதன்று. கண்டியரசு கடற்கரையை இழந்த கதையை மாணவர்கள் அறிந்திருப்பார்கள். 1765 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரின் படை கலகெதரைக் கணவாய் வழியாக ஏறிக் கண்டி நகரைப் பிடித்தது. சில மாதங்களில் நோயும் பசியும் வருத்தத் திரும்பிச் சென்றது. எனினும் அடுத்த ஆண்டு எழுதப்பட்ட உடன்படிக்கையில் இலங்கைத் தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்கு உரியதாயிற்று. அதன் பின்னர் கண்டி மன்னருக்குச் சொந்தமாக ஒரு துறைமுகந்தானும் இல்லை. புத்தளம், சிலாபம் உப்பளங்களிலிருந்து உப்பு எடுத்துக்கொள்ளும் உரிமை மட்டும் குடிமக்களுக்கு எஞ்சியது. உப்பின்றி யார் உயிர் வாழ முடியும்? ஆகவே பாக்குப் பொதியைச் சுமந்த எருதுகள் மலையிலிருந்து இறங்கின. உப்பையும் கருவாட்டையும் சுமந்துகொண்டு மீண்டும் மலையேறின. 'தவளம்' என்று அந்தப் பொதிமாட்டு வரிசையை அழைப்பர். அப்போக்குவரத்தைக் கவனிப்பதற்கென்றே அரசில் 'மடிகே' என்றொரு பிரிவு இருந்தது; அதில் முஸ்லிம்கள் பெரும்பங்கு வகித்தனர். எமது ஊரை அடுத்து மடிகே என்னும் பெயருடன் இன்றும் ஓர் ஊர் இருக்கிறது.

1803 இல் ஆங்கிலேயர் வந்தபோதும், கலகெதர, கிரிஹாகம என்னும் இரு காவலரண்களைக் கைப்பற்றிய பின்னரே கண்டியை நோக்கி முன்னேற முடிந்தது. வரலாற்று நூல்கள் படைகள் ஏறிய கதையை விரிவாகக் கூறும். கருவாடு ஏறிய கதையை அவை கூறுவதில்லை. படைகள் வந்தது சில முறை. கருவாடோ ஒவ்வொரு வாரமும் வந்தது!

சென்ற ஏப்ரல் விடுமுறையில் பிள்ளைகள் கடற்கரைக்குப் போகவேண்டுமென்று பிடிவாதம் பிடித்தபோது நாம் நீர்கொழும்பைத் தெரிந்தெடுத்தமைக்கு இந்தப் பழைய உறவே காரணம். பிள்ளைகளின் காரணம் வேறு. நீச்சற் குளமும் ஐஸ்கிறீமும் கொண்ட விடுதிகளின் படங்களை அவர்கள் கைத்தொலைபேசியில் பார்த்து வைத்திருந்தனர். இரு கட்சியினருக்கும் ஒரே ஊர் பொருத்தமாக அமைந்தமை எம் இல்லத்தரசிக்குப் பெரும் ஆறுதல்.

குருநாகலில் பஸ் மாறினோம். நாரம்மல, தம்பதெனிய, கிரிஉல்ல, திவுலப்பிட்டிய என்று ஊர்கள் கழிந்தன. எங்கும் தென்னை. மலைக்காற்று எங்கே விடைபெற்றது என்று சொல்லத் தெரியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியபோதுதான் அது போய்விட்டமை தெரிந்தது.

நீர்கொழும்பைச் 'சின்ன ரோமாபுரி' என்பர். தெருவுக்குத் தெரு தேவாலயமும், சந்திக்குச் சந்தி கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு புனிதரும் இருப்பதைக் காண்போர் அப்பெயரை மறுக்கமாட்டார்கள். பெரிய தெருவில் உள்ள மரியன்னை தேவாலயத்தை 1874 இல் கட்டத் தொடங்கி 1922 இல் முடித்தார்கள். கடற்கரைத் தெருவிலோ அம்மன் கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. பெரியமுல்லையில் பள்ளிவாசலின் பாங்கொலி கேட்கும். கோட்டை ஒல்லாந்தருடையது, 1640 இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, அவ்வாண்டிலேயே இழந்து, 1644 இல் மீண்டும் பிடித்தனர். வாயிலின் மேல் 1678 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. 1796 இல் ஆங்கிலேயர் வந்தனர். கறுவாவுக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் சண்டையிட்ட அக்கோட்டை பின்னர் சிறைச்சாலையாக மாறிற்று. சிறைக் கூடத்தைப் பார்க்க வருபவர்கள் அங்கே அடைபட்டிருப்போரின் உறவினர்களே. ஆதலால் நாமும் வாயிலைப் பார்த்து, ஆண்டை வாசித்துவிட்டு அப்பால் நடந்தோம்.

கோட்டைக்கு அருகே, களப்பு கடலோடு சேரும் இடத்தில் மீன் சந்தை கூடுகிறது. 'லெல்லம' என்று ஊரார் அழைக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஓய்ந்துவிடும். கத்தோலிக்க மீனவர் அன்று கடலுக்குப் போவதில்லை. நாம் சென்றது ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை. நிலத்தில் பரப்பிய அறக்குளாவும் சூரையும் பாரையும், அவற்றைச் சூழ நின்று ஏலம் கூறுவோரும், காலின் கீழ் மீன்செதிலும் ஐஸ் நீரும் ஒன்றாய்க் கலந்த சேறும். எம் மகள் செருப்பைப் பற்றிக் கவலைப்படுவதா, கண்முன் கிடந்த பெருஞ்சுறாவைப் பார்ப்பதா என்று தடுமாறினாள். விலை கூறும் குரலைக் கவனித்தோம். எண்கள் சிங்களத்தில் ஓடின. திடீரென ஒரு சொல் தமிழில் விழுந்தது. மறுபடியும் சிங்களம்.

இக்கரையோரத்து மீனவரின் முன்னோர் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவர்கள். கீழக்கரை, காவிரிப்பூம்பட்டினம், காஞ்சி ஆகிய ஊர்களிலிருந்து வந்த படையினர் இங்கே குடியமர்ந்ததாக 'முக்கர ஹட்டன' என்னும் பழைய சிங்கள ஏடு கூறும். தலைமுறை தலைமுறையாக வீட்டில் தமிழும் வெளியில் சிங்களமுமாக வாழ்ந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கரையோரப் பாடசாலைகள் பல சிங்கள மொழிக்கு மாறியபோது வீட்டுத் தமிழும் மெலியத் தொடங்கிற்று. எஞ்சியிருக்கும் தமிழிலே விந்தையான ஒன்றை மொழியாராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். பேச்சுச் சிங்களத்தைப் போலவே அத்தமிழிலும் வினைச்சொல்லின் விகுதி உதிர்ந்துவிட்டது. நானும் 'போற', அவனும் 'போற', நாங்களும் 'போற'தான்! தமிழாசிரியர் எவரும் சிவப்பு மையால் கோடிடத் துடிப்பர். எமக்கோ அது அலையில் உருண்டு முனை மழுங்கிய கூழாங்கல்லைப் போலத் தோன்றியது.

ஊரின் இன்னொரு முகத்தைக் காண வேண்டுமாயின் கடற்கரையோரமாக வடக்கே நடக்கவேண்டும். லூயிஸ் பிளேஸ், ஏத்துக்கால என்னும் பகுதிகளில் விடுதிகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. இந்த மாற்றம் எப்படி வந்தது? நீர்கொழும்பின் கடல் மற்றைக் கடல்களைவிட அழகானது என்பதால் அன்று. உள்ளதைச் சொன்னால், களப்பு நீர் கலக்கும் காலங்களில் இங்கே கடல் கலங்கலாகவே இருக்கும். காரணம் கட்டுநாயக்கா. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் அங்கே அமைத்த விமானத்தளம் 1957 இல் இலங்கையரிடம் வந்தது. பின்னர் நாட்டின் பிரதான சர்வதேச விமான நிலையமாயிற்று. 1966 இல் சுற்றுலாச் சபைக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. விமானத்தால் இறங்குபவருக்கு மிக அண்மையில் மணலும் கடலும் உள்ள ஊர் எது? நீர்கொழும்பு. வந்தவர்கள் முதல் இரவை இங்கே கழித்தனர்; போகின்றவர்கள் கடைசி இரவைக் கழித்தனர்; சிலர் நடுவில் வேறெங்கும் போகாமலே இருந்துவிட்டனர். அக்காலத்தில் அவர்களை 'உல்லாசப் பிரயாணிகள்' என்றோம். இப்பொழுது 'சுற்றுலாப் பயணிகள்' என்கிறோம். பெயர்தான் மாறியது, நண்பகல் வெயிலில், நாம் நிழல் தேடும் வேளையில், அவர்கள் எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருப்பது மாறவில்லை.

நாம் தங்கியது அப்பகுதியில் ஒரு சிறு விடுதி. மறுநாட் காலை கடற்கரையில் உலாவியபோது ஒரு காட்சியைக் கண்டோம். பெரிய ஹோட்டல் ஒன்றின் முன்னே, சாய்வு நாற்காலிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்த இடத்துக்குச் சற்று அப்பால், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் தும்புப் பாயை விரித்துப் பிளந்த மீனைப் பரப்பிக்கொண்டிருந்தார். ஹோட்டலின் காவலாளி வந்தார். சிங்களத்தில் பேச்சு நடந்தது. விருந்தினர் மணத்தைப் பற்றி முறையிடுகின்றனர். பாயை அப்பால் கொண்டு போகவேண்டும் என்பது செய்தி. அம்மையார் எழுந்திருக்கவில்லை. தமது தாயும் அதே இடத்தில்தான் மீன் காயவைத்தார் என்றார். காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மே, எங்கள் அம்மாவும் முன்னக்கரையில் இதைத்தான் செய்கிறா, நான் என்ன செய்வது, மேலே இருந்து சொல்கிறார்கள்" என்று கெஞ்சும் பாவனையில் கூறினார். இறுதியில் இருவரும் பாயின் இரு முனைகளைப் பிடித்து, ஒரு மீனும் கீழே விழாதபடி, நாற்பது அடி தூரம் தூக்கிச் சென்று வைத்தனர். இப்படியொரு வெளியேற்றத்தை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த நேரத்தில் எம் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். வாரத்தில் இருமுறை பாரைக் கருவாட்டுக் கறி இன்றேல் சோறு இறங்காத பெண்! அம்மையார் அதைக் கவனித்துவிட்டார். சினக்கவில்லை, சிரித்தார். நாம் தமிழில் பேசுவதைக் கேட்டு, தமிழிலேயே கூறினார்: "எல்லாருக்கும் கருவாடு வேணும் தம்பி. மணம் மட்டும் வேணாம்."

கலகெதரையிலிருந்து வருகிறோம் என்றதும், "மலையில இருக்கிற ஊரா?" என்று கேட்டுவிட்டு எம்மைத் தமது வீட்டுக்கு அழைத்தார். விடுதிகளின் வரிசைக்குப் பின்னே, ஒழுங்கைக்குள், இரண்டு அறைகள் கொண்ட வீடு. தேநீர் வந்தது. அம்மையாருக்கு இரு புதல்வர்கள். மூத்தவர் கடலுக்குப் போகிறார். இளையவர் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். பேத்தி ஒருத்தி கதவருகே நின்று எம் பிள்ளைகளை உற்றுப் பார்த்தாள். தமிழில் பேசினால் அவளுக்கு விளங்கவில்லை. பாட்டி மொழிபெயர்த்தார். எம் மகன் பாடசாலையில் கற்ற சிங்களத்தைக் கொண்டு பேசத் தொடங்கியதும் மூவரும் முற்றத்துக்கு ஓடிவிட்டனர்.

மூத்த புதல்வரிடம் களப்பைப் பற்றிக் கேட்டோம். அவர் கூறியவற்றையும் முன்பு படித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். இவ்வூரில் நாம் கண்டவற்றுள் மிகச் சிறந்தது இதுவே. நீர்கொழும்புக் களப்பு மூவாயிரம் ஹெக்டேருக்குச் சற்றே மேற்பட்ட பரப்புடையது. இறால் குஞ்சாகக் கடலிலிருந்து களப்புக்குள் வந்து, சதுப்புக் கண்டலின் வேர்களுக்கிடையே வளர்ந்து, பருவமடைந்ததும் வற்றுநீரோடு கடலுக்குத் திரும்பும். திரும்பும் வழி ஒடுங்கிய முகத்துவாரம். இரவில், நீர் கடலை நோக்கி இழுக்கும் வேளையில், கம்புகளை நாட்டி அவற்றுக்கிடையே பை போன்ற வலையைக் கட்டினால் இறால் தானே வந்து விழும். 'கட்டுதெல்' என்பது அம்முறையின் பெயர். ஆனால் முகத்துவாரத்தில் வலை கட்டக்கூடிய இடங்கள் சிலவே; அவற்றுள்ளும் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. ஒன்றில் கூடை நிறையும். இன்னொன்றில் கையளவுதான் விழும். யாருக்கு எந்த இடம்?

இங்கேதான் அம்மக்களின் அறிவைப் பார்க்கவேண்டும். பெரிய தெரு, கடற்கரைத் தெரு, தூவ, பிட்டிப்பனை ஆகிய நான்கு இடத்துச் சங்கங்களுக்கு மட்டுமே அந்த உரிமை. நான்கு சங்கங்களும் முறை வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு சங்கத்துக்குள்ளும் சீட்டுக் குலுக்கி இடங்களைப் பங்கிடுகின்றனர். இன்று வளமான இடம் கிடைத்தவருக்கு நாளை வறண்ட இடம் கிடைக்கலாம். பணம் உள்ளவர் என்பதற்காக ஒருவருக்கு நிலையான இடம் இல்லை. இந்த வழக்கம் ஒல்லாந்தர் காலம் முதல் இருந்து வருவது என்பர். 1958 இல் அரசாங்கமே இதனை ஒழுங்குவிதிகளாக எழுதி ஏற்றுக்கொண்டது. நாட்டில் எத்தனையோ சட்டங்கள் மேலிருந்து கீழே வந்தன. இது கீழிருந்து மேலே சென்ற ஒன்று.

"தண்ணிக்கு முறை இருக்கு," என்றார் மூத்தவர். "மணலுக்குத்தான் முறை இல்ல."

அந்தச் சொல்லை எண்ணிக்கொண்டே நாம் அன்று முழுவதும் இருந்தோம். சட்டம் இல்லையென்று கூற முடியாது. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடற்கரையிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள நிலத்தை அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. அலை நனைக்கும் மணல் எவருடைய தனிச் சொத்தும் அன்று. ஆயினும் எவருக்கும் சொந்தமில்லாத மணலில் சாய்வு நாற்காலி முதலில் வந்து அமர்ந்துவிட்டால், தும்புப் பாய்க்கு இடமேது? வள்ளத்தை இழுத்துவைக்க, வலையைப் பரப்பிப் பழுதுபார்க்க, மீனைக் காயவைக்க மீனவருக்கு மணல் வேண்டும். படுத்திருக்க விருந்தினருக்கும் மணல் வேண்டும். இதற்கிடையில் கடலும் தன் பங்குக்கு மணலை அரித்துக்கொண்டே போகிறது. அதனாற் கரையில் கல் அடுக்கியிருக்கின்றனர். மூவர் கேட்கும் பொருள் ஒன்று. அதுவும் ஆண்டுக்காண்டு குறைகிறது.

இஃது இலங்கையில் மட்டும் நிகழ்ந்த புதுமை என எண்ணவேண்டா. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிறைற்றன் நகரமும் ஒருகாலத்தில் மீனவர் ஊரே. கடல்நீர் பல நோய்களுக்கு மருந்து என்று மருத்துவர் ரிச்சட் ரசல் 1750 ஆம் ஆண்டளவில் நூல் எழுதினார். செல்வர்கள் குளிக்கவும், சிலர் அதைக் குடிக்கவுங்கூடக் கூட்டங்கூட்டமாக அங்கே சென்றனர். 1783 இல் பட்டத்து இளவரசரே வந்துவிட்டார். 1841 இல் இலண்டனிலிருந்து புகையிரதம் வந்தது. ஸ்டைன் என்னும் பசும்புற்றரையில் மீனவர் பரம்பரையாக வலை உலர்த்தி வந்தனர். செல்வர்கள் மாலையில் உலாவுவதற்கு அதே புற்றரை வேண்டியிருந்தது. வலையில் கால் தடுக்குகிறது என்ற முறைப்பாடு எழுந்தது. வேலி வந்தது; வலை போயிற்று. அங்கே புகையிரதம் செய்ததை இங்கே விமானம் செய்கிறது. அங்கே வலை, இங்கே தும்புப் பாய்.

ஆனால் ஹோட்டல்களைப் பழித்துவிட்டு எழுந்துவிடுவதும் நேர்மையன்று. அந்த வீட்டு அடுப்பு எரிவதில் பாதி ஹோட்டல் சம்பளத்தால். கடந்த சில ஆண்டுகளின் கதையை அம்மையார் விரல்விட்டு எண்ணிக் கூறியபோது இது விளங்கிற்று. 2019 ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவ்வூரில் அந்தத் துயரம் தொடாத ஒழுங்கையே இல்லை. அதைப் பற்றி அம்மையார் அதிகம் பேசவில்லை, சுவரில் இருந்த ஒரு படத்தைக் காட்டினார், நாமும் கேட்கவில்லை. பயணிகள் மறைந்தனர், இளையவருக்கு வேலை நின்றது. அக்காலத்தில் குடும்பத்தைக் காத்தது கடல். அடுத்த ஆண்டு கொரோனா நோய் வந்து விமானங்களும் நின்றன. அவ்வாண்டு ஒக்ரோபரில் பேலியகொடை மீன் சந்தையில் நோய் பரவியதும் மக்கள் மீனைக் கண்டே அஞ்சினர். முன்னர் கடற்றொழில் அமைச்சுப் பொறுப்பில் இருந்த ஒருவர் பத்திரிகையாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்ட நேர்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2021 மே 20 ஆம் நாள் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியது. ஆயிரத்தறுநூறு தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் மணிகளை அது சுமந்திருந்தது; அவை வெண்பனி போல நீர்கொழும்பு மணலிலும் வந்து குவிந்தன. மீன்பிடி தடைசெய்யப்பட்டது. "பாயை விரிச்சா மீனுக்குக் கீழயும் அந்த மணி, மேலயும் அந்த மணி," என்றார் அம்மையார். 2022 இல் எரிபொருள் இல்லை. வள்ளங்கள் கரையில் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது.

கடல் கைவிட்டபோது ஹோட்டலும், ஹோட்டல் கைவிட்டபோது கடலும் தாங்கும் என்பது அந்த வீட்டின் கணக்கு. சில காலங்களில் இரண்டும் ஒன்றாகக் கைவிட்டன. அப்போது தாங்கியது எது என்று கேட்டோம். அம்மையார் முற்றத்து மூலையில் இருந்த உப்புத் தொட்டியைக் காட்டினார். வயிறு கழித்த மீனைக் கடல்நீரில் கழுவி, உப்பில் ஊறவைத்து, நல்ல வெயிலில் காயவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். அதற்கு ஐஸ் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், விமானமும் வேண்டாம். உப்பும் வெயிலும் மணலும் போதும். ஆக, அந்த நாற்பதடி மணல் அந்தக் குடும்பத்துக்கு வேடிக்கைப் பொருள் அன்று. எல்லா வாயிலும் அடைபடும் நாளில் திறக்கும் கதவு அது.

இளைய புதல்வர் அன்று பிற்பகல் வேலை முடிந்து வந்தார். தமது ஹோட்டலின் இரவு விருந்தில் களப்பு இறாலுக்கும் நண்டுக்கும்தான் வெளிநாட்டார் முதலில் கைநீட்டுகின்றனர் என்றார். காலையில் கரைவலை இழுக்கும்போது அவர்களும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கின்றனராம். "மீனவர் இல்லாத கடற்கரையை அவர்கள் படம் எடுப்பார்களா?" என்று நாம் கேட்டோம். அவர் சற்று யோசித்துவிட்டு, முகாமையாளரிடம் இதைச் சொல்லிப் பார்க்கவேண்டும் என்றார். களப்பில் உள்ள நான்கு சங்கங்களைப் போல, விடுதிக்காரரும் மீனவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, இன்ன நேரம் இன்ன இடம் பாய்க்கு, இன்ன இடம் நாற்காலிக்கு என்று சீட்டுக் குலுக்கினால் என்ன என்று மூத்தவர் சிரித்துக்கொண்டே கூறினார். சிரித்துக்கொண்டு சொன்னாரேயன்றி, அது சிரிப்புக்குரிய யோசனையாக எமக்குத் தோன்றவில்லை. அதிகாலையில் விருந்தினர் உறங்குகின்றனர், மீனவர் உறங்குவதில்லை. நண்பகல் வெயில் இருவருக்கும் வேண்டும், அதுதான் சிக்கல். ஆனால் இருளில் ஓடும் நீரையே பங்கிட்ட மக்களுக்கு வெயிலில் கிடக்கும் மணலைப் பங்கிடுவது இயலாத காரியமா? ஒரு பக்கம் மட்டும் மேசைக்கு வந்தால் எதுவும் நடவாது என்பதையும் நாம் அறிவோம். காலையில் காவலாளியை அனுப்பியவர்களை அம்மையார் ஒருமுறையேனும் நேரில் கண்டதில்லையாம்.

புறப்படும் வேளையில் எம் இல்லத்தரசி பாரைக் கருவாடும் நெத்தலியும் கேட்டார். அம்மையார் தராசில் நிறுத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, அதன்மேல் பொலித்தீன், அதன்மேல் மறுபடியும் தாள் என்று கட்டினார். பஸ்ஸில் மற்றவர் முகஞ்சுளிக்கக் கூடாதாம். பாரைக்குக் கொறுக்காய்தான் போடவேண்டும், பழப்புளி கூடாது என்றார். மலைநாட்டில் நாங்கள் ஈரப்பலாக்காயோடு பழப்புளி விட்டே சமைப்போம் என்றார் எம் இல்லத்தரசி. இந்த வழக்கு நெடுநேரம் நடந்தது, தீர்ப்பு இல்லை.

பணத்தைக் கொடுத்தபோது அம்மையார் கேட்டார்: "உங்க ஊருக் கடையில இது என்ன விலைக்குப் போற?"

கலகெதரைக் கடைவீதியில் சென்ற வாரம் நாம் கொடுத்த விலையைக் கூறினோம். அம்மையார் விரல்களை மடக்கினார், நீட்டினார், மறுபடியும் மடக்கினார். கரையில் வந்து மொத்தமாக எடுத்துச் செல்லும் வியாபாரி தமக்குத் தரும் தொகையைக் கூறினார். நாம் கூறியதில் அது பாதியளவுகூட இல்லை. உடனே உள்ளே திரும்பி மூத்த மகனைச் சிங்களத்தில் உரத்து அழைத்தார். அவர் ஈரக் கையோடு ஓடிவந்தார். தாயும் மகனும் சிறிது நேரம் விரைந்து பேசிக்கொண்டனர். எமக்கு அதில் கலகெதர என்ற சொல் மட்டும் மூன்று முறை கேட்டது. பின்னர் அம்மையார் எம் பக்கம் திரும்பி, குருநாகல் பஸ்ஸில் ஒரு பெட்டியை ஏற்றிவிட்டால் அங்கே இறக்கி எடுக்க ஆள் உண்டா என்று தமிழில் வினவினார். உண்டு என்றோம். பேத்தி கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்து எம் தொலைபேசி இலக்கத்தை எழுதிக்கொண்டாள்; பெயரைத் தமிழில் எழுத அவளுக்குத் தெரியாதபடியால் எம் மகள் அருகில் அமர்ந்து எழுதிக் கொடுத்தாள். கீழே 'பாரை 5 கிலோ, நெத்தலி 3 கிலோ' என்று அம்மையார் சொல்லச் சொல்ல, அதையும் அவளே எழுதினாள்.